பழிதீர்க்க வந்த திருடன்
‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ திரைப்படம் – ஒரு பார்வை

முன்னுரை

கல்லூரி மலரில், அதிலும் தமிழ்த்துறை மலரில், திரைப்படத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியோர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும். இக்கட்டுரை எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றிற்குச் சென்று வந்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தலையசைத்த அதிகாரி, முகவரியில் காசிமேடு என்று கண்டதும், “அந்த ஏரியாவா?” என்று கேட்டுவிட்டுத் தாள்களை மூடி வைத்துவிட்டாராம். மறுநாள் வகுப்பில் சிலப்பதிகாரப் பாடம் முடிந்ததும் அம்மாணவர் எழுந்து கேட்டார்: “சார், படத்துல திருடன்னா ஏன் சார் எப்பவும் நம்ம பக்கத்தையே காட்டுறாங்க? அதப் பாத்து நாமளே ஏன் சார் சிரிக்கிறோம்?”

அன்று என்னிடம் தக்க விடை இல்லை. ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றேன். அந்த யோசனை என்னை வேறொரு படத்திடம் கொண்டுபோய் விட்டது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வாழ்ந்த மூன்று தலைமுறையினர் பார்த்துச் சிரித்த படம் அது. திருடன் ஒருவன் பழிவாங்கப் புறப்படும் கதை. அதன் பெயர் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’.

கதை வந்த வழி

அலிபாபாவின் கதை ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பைச் சேர்ந்தது என்றே நாம் அனைவரும் அறிந்திருக்கிறோம். ஆனால் அத்தொகுப்பின் பழைய அரபு ஏடுகளில் இக்கதை காணப்படுவதில்லை. அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1704 முதல் அக்கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டு வந்தார். கையிலிருந்த ஏட்டின் கதைகள் தீர்ந்துபோன நிலையில், 1709-ஆம் ஆண்டு பாரிசில் ஹன்னா தியாப் என்ற இளைஞரைச் சந்தித்தார். இவர் சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த கிறித்தவர். இவர் வாய்மொழியாகச் சொன்ன பல கதைகளுள் அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் அடங்கும். கலான் 1715-இல் மறைந்தார். அலிபாபா கதை 1717-இல்தான் அச்சேறியது.

கதை சொன்னவரின் பெயர் அந்நூலில் இடம்பெறவில்லை. பிற்காலத்தில் தியாப் தம் பயணங்களைப் பற்றி எழுதி வைத்த தன்வரலாற்று ஏடு வத்திக்கான் நூலகத்தில் இருப்பது 1990-களில் கண்டறியப்பட்டு, அண்மைக் காலத்தில் நூலாக வெளிவந்துள்ளது. புகழ்பெற்ற ‘திருடர் கதை’யின் பின்னால், உரிய பெயரை இழந்து நின்ற ஓர் ஏழை இளைஞர் இருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

கலான் இக்கதைக்கு இட்ட தலைப்பும் நோக்கத்தக்கது. ‘அலிபாபாவும், ஓர் அடிமைப் பெண்ணால் அழிக்கப்பட்ட நாற்பது திருடர்களும்’ என்னும் பொருள்பட அவர் தலைப்பிட்டார். காலப்போக்கில் தலைப்பின் பின்பகுதி உதிர்ந்து போயிற்று. கதையின் உண்மையான வீரர் யார் என்பதும் அதனோடு மறைந்து போயிற்று எனலாம்.

கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து எனப் பல்வகை இலக்கியங்களைத் தமிழுக்குத் தந்த மரபு நம்முடையது. அரபு, பாரசீகக் கதைகளைக் கேட்டுப் பழகிய செவிகள் தமிழகக் கடற்கரையெங்கும் இருந்தன. ஆகவே அலிபாபா இங்கு வந்தபோது அயலானாக வரவில்லை. அறிந்தவர் வீட்டுக்கு வரும் விருந்தாளியாகவே வந்தான்.

சேலத்தில் திறந்த குகை

தமிழ்த் திரையில் அலிபாபா முதலில் வந்தது 1941-ஆம் ஆண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்த அப்படம் முழுக்க நகைச்சுவையை நம்பியது. பின்னர் 1954-இல் ஹோமி வாடியா இயக்கத்தில் இதே கதை இந்தியில் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வெளியிட்டது.

தமிழில் முழுநீளமும் வண்ணத்தில் வெளிவந்த முதல் படம் என்னும் சிறப்பு இதற்குண்டு. கேவா கலர் என்னும் படச்சுருளில் இது எடுக்கப்பட்டது. எம்.ஜி. இராமச்சந்திரன் அலிபாபாவாகவும், பி. பானுமதி மார்ஜியானாவாகவும், பி.எஸ். வீரப்பா திருடர் தலைவன் அபு உசேனாகவும் நடித்தனர். அலிபாபாவின் பேராசை பிடித்த தமையன் காசிம்கானாக நடித்தவர் எம்.ஜி. சக்கரபாணி. இவர் வாழ்விலும் எம்.ஜி.ஆருக்கு அண்ணனே. கே.ஏ. தங்கவேலு நகைச்சுவைப் பாத்திரத்தில் தோன்றினார். எஸ். தட்சிணாமூர்த்தி இசையமைத்தார். செங்கல்பட்டில் பிறந்து பின்னாளில் இந்தித் திரையுலகில் பெரும்புகழ் பெற்ற வஹீதா ரஹ்மான் ஒரு நடனத்தில் தோன்றியதும் இப்படத்தில்தான்.

என் நன்னா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். முதல் வெளியீட்டிலேயே இப்படத்தைப் பார்த்தவர். குகைக் கதவு திறந்து பொற்குவியல் தெரிந்த காட்சியைப் பற்றி அவர் சொல்வது இது: “தங்கத்துக்கு நெறம் உண்டுன்னு அன்னிக்குத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது.” கப்பலிலிருந்து எத்தனையோ செல்வம் அவர் தோள்வழியே இறங்கியிருக்கும். ஆனால் மூட்டைக்குள் இருப்பதைச் சுமப்பவர் பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து, தண்டையார்பேட்டைத் திரையரங்கு ஒன்றில் மறுவெளியீடாக இப்படம் வந்தபோது, அத்தா என்னை அழைத்துப் போனார். ‘திறந்திடு சீசேம்’ என்று திரையில் ஒலித்ததும் அரங்கம் முழுவதும் சேர்ந்து கூவியது. கதவுகள் எளிதில் திறவாத வாழ்க்கை வாழ்ந்தவர்களின் குரல் அது என்பதை அன்று நான் அறியவில்லை.

யார் திருடன்?

கதையின் சுருக்கம் யாவரும் அறிந்ததே. விறகு வெட்டிப் பிழைக்கும் அலிபாபா, திருடர்கள் மந்திரச் சொல்லால் குகையைத் திறப்பதை ஒளிந்திருந்து காண்கிறான்; அவர்கள் சென்றபின் அதே சொல்லைச் சொல்லிச் சிறிது பொன் எடுத்து வருகிறான். செய்தியறிந்த தமையன் காசிம் குகைக்குள் புகுந்து, மந்திரச் சொல்லை மறந்து, அகப்பட்டுக் கொல்லப்படுகிறான். குகையின் மறையை அறிந்தவன் இன்னொருவனும் உண்டு என்று கண்டுகொண்ட திருடர் தலைவன் பழிவாங்கப் புறப்படுகிறான். கதையின் பிற்பாதி முழுவதும் அவனுடைய பழிவேட்டையே.

இங்கு ஒரு வினா எழுகிறது. திருடர் சேர்த்ததை அலிபாபா எடுத்தான். அவ்வாறாயின் அவனும் திருடனல்லனா? கண்டெடுத்த பொருளை ஊரறிய அறிவித்து, உரியவரைத் தேடிச் சேர்ப்பிக்க முயல வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் கூறும் நெறி. அந்நெறியில் நின்று நோக்கினால் அலிபாபா முற்றும் குற்றமற்றவன் எனக் கூறுதல் இயலாது. வாய்மொழிக் கதை இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் திரைப்படம் எடுத்தவர்கள் இக்குறையை உணர்ந்திருந்தனர் எனத் தோன்றுகிறது. ஆகவேதான் திரையின் அலிபாபா அடிமைப்பட்ட பெண்ணை மீட்பவனாகவும் எளியவர்க்கு உதவுபவனாகவும் காட்டப்படுகிறான். எடுத்த கை கொடுத்த கையானால் மக்கள் மன்றம் மன்னித்துவிடுகிறது.

எம்.ஜி.ஆரின் திரைவாழ்வில் இது தனிப்பட்ட நிகழ்ச்சியுமன்று. 1954-இல் நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவிய ‘மலைக்கள்ளன்’, 1956-இல் ‘அலிபாபா’, 1960-இல் ‘பாக்தாத் திருடன்’ என ஆறு ஆண்டுகளில் மூன்று முறை அவர் கள்வனாகவோ கள்வரின் பொருளைக் கவர்ந்தவனாகவோ வந்தார். செல்வம் ஏதோ ஒரு குகைக்குள் பூட்டிக் கிடக்கிறது என்றும், அதைத் திறக்கும் சொல் தமக்கு மறைக்கப்பட்டிருக்கிறது என்றும் எண்ணிய ஒரு தலைமுறை அவரைத் தம்முள் ஒருவராகக் கண்டதில் வியப்பில்லை.

நகையும் வெகுளியும்

பழிவாங்கல் அச்சந்தரும் செயல். ஆயின் இக்கதையில் அது நகைப்பைத் தருவது எங்ஙனம்? விடை தொல்காப்பியத்தில் உள்ளது.

மெய்ப்பாட்டியல் நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன்கள். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் வெகுளிக்கு நிலைக்களன்கள். உடல் உறுப்பு அறுபடுதல், குடிக்குக் கேடு விளைதல், அடிபட்டு அலைவுறுதல், கொலை நேர்தல் ஆகியவற்றால் சினம் பிறக்கும் என்பது கருத்து.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திருடர் தலைவனின் சினத்தை அளந்து பார்ப்போம். அவன் உறுப்பு அறுபடவில்லை. அவன் குடி கெடவில்லை. அவனை எவரும் அடிக்கவில்லை, அவனைச் சார்ந்த எவரையும் கொல்லவுமில்லை. அவன் பிறரிடம் கொள்ளையிட்டதில் ஒரு சிறு பங்கைப் பிறனொருவன் எடுத்தான், அவ்வளவே. ஊரார் பொருளைக் கவர்ந்தவன் ‘என் பொருளைத் திருடிவிட்டான்’ என்று குமுறுகிறான். நிலைக்களன் இல்லாத வெகுளி இது. அத்தகைய வெகுளி காண்பவர்க்கு எள்ளலாக மாறிவிடுகிறது. பி.எஸ். வீரப்பாவின் புகழ்பெற்ற இடிச்சிரிப்பு அச்சத்தையும் நகைப்பையும் ஒருங்கே தருவதன் நுட்பமும் இதுவே. அவர் உரக்கச் சிரிக்கும்தோறும், தன் நிலையை அறியாத பேதைமை அதில் ஒலிக்கிறது.

மூலக்கதையின் போக்கும் இதனை உறுதி செய்கிறது. அலிபாபாவின் வீட்டைக் கண்டுபிடித்து வருமாறு தலைவன் ஒருவனை அனுப்புகிறான். வந்தவன் கதவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுச் செல்கிறான். குறியைக் கண்ட பணிப்பெண் தெருவிலுள்ள பிற கதவுகளிலும் அதே குறியை இட்டுவிடுகிறாள். இரவில் படை திரட்டி வந்த தலைவன் எந்த வீடு என்று அறியாமல் திகைத்துத் திரும்புகிறான். குறியிட்டவனுக்கு மரணம். இரண்டாமவன் செந்நிறத்தில் குறியிடுகிறான். மீண்டும் அதே ஏமாற்றம், மீண்டும் மரணம். அலிபாபாவின் மீது ஒரு கீறல்கூட விழுவதற்கு முன்பே தலைவன் தன் ஆட்கள் இருவரை இழந்துவிடுகிறான். பழிக்கு முதல் இரையாகிறவர்கள் பழிவாங்குபவனின் பக்கத்தில் நிற்பவர்களே என்பதை இக்கதை சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது.

மூன்றாம் முறை தலைவன் தானே வருகிறான். முப்பத்தெட்டுத் தோற்சாடிகளை வாங்கி, ஒன்றில் எண்ணெய் நிரப்பி, மற்ற முப்பத்தேழில் ஆட்களை ஒளித்து, எண்ணெய் வணிகனாக அலிபாபாவிடமே இரவுத் தங்கலுக்கு இடம் கேட்கிறான். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாவன என மந்திரம், தெய்வம், மருந்து, தந்திரம், காலம், கருவி முதலிய எட்டினைக் கூறுவான். மந்திரச் சொல் உடையவன், வேடமிடும் தந்திரம் அறிந்தவன், இரவுக் காலம் தேர்ந்தவன், சாடியாகிய கருவி கொண்டவன் இத்தலைவன். இத்தனையும் இருந்தும் அவன் தோற்கிறான். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோய்ச் சாடியை நாடி வந்த அடிமைப் பெண், உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு எல்லாவற்றையும் உணர்ந்துவிடுகிறாள். காய்ச்சிய எண்ணெயே அவள் படைக்கலம் ஆகிறது. வீட்டில் ஓர் அகல் விளக்கு அணையாதிருந்தால் கதையே வேறு.

மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. அது முதல் எண்ணெய் வண்டிகளும் பீப்பாய்களும் நம் வீதிகளில் அன்றாடக் காட்சி ஆயின. எங்கள் தெருப் பிள்ளைகள் காலிப் பீப்பாயைக் கண்டால் தட்டிப் பார்த்து, “உள்ள திருடன் இருக்கானா?” என்று கேட்டு விளையாடுவோம். பீப்பாய்க்குள் இருந்து நாங்கள் அறிந்த வகையில் வெளிவந்தவை தண்ணீரும் துருவும்தாம்.

ஐந்து அதிகாரங்கள்

திருக்குறளின் துறவறவியலில் 28 முதல் 32 வரையுள்ள அதிகாரங்களின் வரிசையை மாணவர்கள் ஒருமுறை நோக்க வேண்டும். கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னாசெய்யாமை என அவை அமைந்துள்ளன. உள்ளொன்றும் புறமொன்றுமாக வேடம் பூணுதல் முதல் குற்றம். பிறர் பொருளை வஞ்சித்துக் கவர எண்ணுதல் அடுத்தது. இரண்டையும் காக்கப் பொய் தேவைப்படுகிறது. பொய் வெளிப்பட்டால் சினம் எழுகிறது. சினம் பிறர்க்கு இன்னா செய்வதில் முடிகிறது. அலிபாபா கதையின் திருடர் தலைவன் இவ்வைந்து அறங்களையும் மீறுகிறவனாக இருக்கிறான். அவன் வாழ்க்கை வரலாற்றை எழுத இவ்வைந்து தலைப்புகளே போதும்.

களவையும் பழியுணர்வையும் அடுத்தடுத்து வைத்ததில் வள்ளுவரின் உளவியல் நுட்பம் புலப்படுகிறது. பிறர் பொருளைத் தன்னுடையது என்று எண்ணப் பழகியவனே, அதை இழக்கும்போது பிறர் உயிரையும் தன்னுடையது என்று எண்ணத் துணிகிறான்.

உப்பு

மூலக்கதையின் இறுதிப் பகுதி படித்து இன்புறத்தக்கது. ஆட்கள் அனைவரையும் இழந்த தலைவன், தனியனாய்த் தப்பிச் சென்று, வேறொரு வணிக வேடத்தில் அலிபாபாவின் மகனோடு நட்புப் பூண்டு, விருந்துக்கு வருகிறான். இப்போது அவன் சினத்துக்கு நிலைக்களன் உண்டு. அவனைச் சார்ந்தவர்கள் கொல்லப்பட்டுவிட்டனர். கதையும் இங்கு நகைப்பைக் குறைத்துக்கொள்கிறது.

விருந்துக்கு வந்தவன் ஒரு வேண்டுகோள் விடுக்கிறான்; தனக்கு உப்பிட்ட உணவு வேண்டாம் என்கிறான். ஏன்? ஒருவன் உப்பை உண்டபின் அவனுக்குத் தீங்கு செய்யலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். கொல்ல வந்த கொடியவனுக்கும் அந்த வழக்கத்தை மீற மனம் வரவில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று சொல்லும் தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள் பரந்திருந்த இந்தப் பகுதியின் மக்களுக்கு இது இன்னும் நன்றாகவே விளங்கும்.

கொலைகாரனின் உள்ளத்தில் எஞ்சி நின்ற இந்த ஒரு துளி அறமே அவனைக் காட்டிக் கொடுக்கிறது. ‘உப்பு வேண்டாம் என்னும் விருந்தாளி யார்?’ என்று ஐயுற்ற பணிப்பெண், ஆடலின் நடுவே குத்துவாளால் அவனை வீழ்த்துகிறாள். மூலக்கதையில் அவள் விடுதலை பெற்று அலிபாபாவின் மகனை மணக்கிறாள். திரைப்படத்தில் அலிபாபாவே கதைத்தலைவன் ஆதலால் மார்ஜியானா அவனுக்கே துணைவி ஆகிறாள். பானுமதி அம்மையார் அப்பாத்திரத்தை அடக்கமும் அறிவும் அஞ்சாமையும் கலந்து நடித்திருக்கும் பாங்கு, கலான் தம் தலைப்பில் அடிமைப் பெண்ணுக்குத் தந்த இடத்தை மீட்டுத் தந்தது எனலாம்.

கதவில் இட்ட குறி

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம்.

தமிழில் ‘பழி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருவர்மேல் சுமத்தும் குற்றச்சாட்டும் பழி. அதற்கு மாறாகச் செய்யும் வஞ்சமும் பழி. பழி சுமத்தப்பட்ட இடத்தில் பழிவாங்கும் எண்ணம் முளைக்கும் என்று நம் முன்னோர் ஒரே சொல்லில் உணர்த்திவிட்டனர் போலும். கோவலன்மீது பொய்ப்பழி சுமத்தியவன் உண்மையான கள்வன். மன்னன் ஆராயாமல் அதை ஏற்றான். மதுரை எரிந்தது.

அலிபாபா கதையின் சுண்ணக்கட்டிக் குறி எனக்கு எப்போதும் இதனை நினைவூட்டும். ஒரு வீட்டைக் குறியிட்டால் அவ்வீடு இலக்காகிறது. ஒரு தெருவைக் குறியிட்டால், ஓர் ஊரைக் குறியிட்டால், ஒரு சமூகத்தைக் குறியிட்டால்? இது வெறும் கற்பனையன்று. ஆங்கிலேய அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பினாலேயே பலர் கள்வர் எனப் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். கைரேகை பதிக்கவும், இரவில் காவல் நிலையத்தில் தங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அலிபாபா படம் வெளிவந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின். குறி அழிந்த ஈரம்கூட அப்போது உலர்ந்திராது.

சட்டம் போனாலும் குறியிடும் வழக்கம் போய்விடவில்லை. வடசென்னையைக் களமாகக் கொண்ட ‘ஆரண்ய காண்டம்’ (2011), ‘வடசென்னை’ (2018) ஆகியன கலைத்தரத்தால் பாராட்டப்பட்ட படங்கள். அவற்றைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. தன் தந்தையை வஞ்சித்தவரின் வீட்டுக்குள் கூட்டாளிகளோடு நுழையும் இளைஞனைப் பற்றிய ‘மூடர் கூடம்’ (2013) படமும், திருடவந்தவன் பக்கத்து நியாயத்தைச் சிரிப்பினூடே கேட்க வைத்தது. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கதைகளில் கத்தி ஏந்தியவன் எப்போதும் ஒரே முகவரியில் வாழ்வானாயின், பார்ப்பவர் மனத்தில் குறி விழுந்துவிடுகிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது; நகருக்கு வேண்டிய மீனும் எண்ணெயும் சரக்கும் இந்த மண்ணின் வழியேதான் சென்றன. இவற்றை எண்ணிப் பார்க்க அந்த நேர்முகத் தேர்வு அதிகாரிக்கு நேரம் இல்லை. அவருக்குக் குறி ஒன்றே போதுமானதாக இருந்தது.

‘அலிபாபா’ படத்தில் இந்தக் குறை இல்லை என்பதையும் இங்குக் கூற வேண்டும். அப்படத்தில் கொடியவன் பெயர் அபு உசேன். கருமியின் பெயர் காசிம். நல்லவன் பெயர் அலிபாபா. அறிவிற் சிறந்தவள் பெயர் மார்ஜியானா. எல்லாப் பாத்திரங்களும் ஒரே ஊரினர், ஒரே சமூகத்தினர். ஆகவே பெயரோ உடையோ ஊரோ தீமைக்கு அடையாளமாகவில்லை, செயலே அடையாளமாயிற்று. அதனால்தான் மாற்றுச் சமயத்து மக்களும் ‘அலிபாபா’ என்னும் பெயரைத் தம் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போல அன்புடன் உச்சரித்தனர். எல்லா வகை மனிதரும் எல்லா இடத்திலும் உண்டு என்று காட்டும் கதை எவரையும் புண்படுத்துவதில்லை. நம்மைப் பார்த்து நாமே சிரிக்கலாம்; அந்தச் சிரிப்பில் நல்லவனுக்கும் அறிவுள்ளவளுக்கும் இடம் இருக்க வேண்டும். மாணவர் கேட்ட வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே.

நிறைவுரை

குறியைக் கண்ட அடிமைப் பெண் என்ன செய்தாள்? அதை அழித்திருக்கலாம். அழித்திருந்தால் மறுநாள் மீண்டும் ஒருவன் வந்து இட்டிருப்பான். அவள் தெருவின் பிற கதவுகளிலும் அதே குறியை இட்டாள். ஒரு வீட்டின் இழுக்கைத் தெருவின் பொது அடையாளமாக்கினாள். அன்றிரவு அந்தத் தெரு முழுவதும் அறியாமலேயே ஒரு வீட்டைக் காத்து நின்றது. வாளும் படையும் கொண்ட பழி, ஒரு சுண்ணக்கட்டியின் முன் தோற்றுத் திரும்பியது.

எம் மாணவர்கள் வேலை தேடிச் செல்லும்போது முகவரியை மறைக்க நினைப்பதுண்டு. உறவினர் வீட்டு முகவரியை எழுதித் தருவோரும் உளர். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: மறைக்க வேண்டாம். காசிமேடு என்றே எழுதுங்கள். எண்ணூர் என்றே எழுதுங்கள். உங்களுக்கு முன் சென்றவரும் பின் வருபவரும் அதையே எழுதட்டும். நல்ல ஆசிரியர், நல்ல மருத்துவர், நேர்மையான கணக்கர் எனப் பலர் கதவிலும் அதே பெயர் இருக்குமாயின் குறி தன் பொருளை இழந்துவிடும். நேர்முகத் தேர்வில் திருப்பி அனுப்பப்பட்ட அம்மாணவர் இன்று வேறொரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். அந்த அதிகாரிமேல் அவருக்குச் சினம் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். “அவரு பேரே மறந்துபோச்சு சார்” என்று சிரித்தார்.

பழிதீர்க்கப் புறப்பட்டவனின் கதை படை, பொருள், உயிர் ஆகிய மூன்றையும் இழந்து முடிந்தது. பழியை மறந்தவரின் கதை தொடர்கிறது. குகைக் கதவைத் திறக்கும் சொல்லைத் தேடி அலைவோர்க்கு இந்த மறதியும் ஒரு நல்ல திறவுகோலே.